காலடியிலுள்ள கல்லை அறிவோம்



சில வருடங்களுக்கு முன்னர், மலைநாட்டுக் கிராமமொன்றில் சகோதரர் ஒருவர் வீடு கட்டுவதற்காகத் தமது காணியின் பின்புறமிருந்த மேட்டைச் செங்குத்தாக வெட்டிக் கொண்டிருந்தார். ஜும்ஆத் தொழுகை முடிந்து அவ்வழியே சென்ற நான், "மழை காலம் வருகிறதே, இவ்வளவு ஆழமாக வெட்டலாமா?" எனக் கேட்டேன். அவர் சிரித்துக் கொண்டே, "உள்ளுக்கு முழுக்கக் கல்லுதான் ஹஸரத். கல்லு எங்க போகப் போகுது?" என்றார்.

அக்கேள்விக்கு அன்று என்னிடம் விடை இருக்கவில்லை. அரபுக் கல்லூரியில் நாம் கற்ற பாடங்களில் பாறைகளைப் பற்றிய பாடம் எதுவும் இருந்ததில்லை. எனினும் அக்கேள்வி என் மனதை விட்டகலவில்லை. அதன் பின்னர் நூல்களைப் புரட்டியும் அறிந்தவர்களிடம் கேட்டும் தெரிந்து கொண்டவற்றையே இங்கு உங்களோடு பகிர்ந்து கொள்கின்றேன். கல் அசையாதது, மாறாதது, என்றும் அப்படியே இருப்பது என்று நாம் எண்ணிக் கொண்டிருக்கின்றோம். உண்மை அதுவன்று. ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு பிறப்பு உண்டு. அப்பிறப்பைப் பொறுத்தே அதன் குணமும் அமைகின்றது. அதன் மீது வாழும் நமது கிணறும் வீடும் உயிரும் அக்குணத்திலேயே தங்கியிருக்கின்றன.

பாறை என்பது யாது?

நமது வீட்டுக் கொல்லையில் கிடக்கும் பழைய அம்மிக்கல்லைச் சற்று உற்று நோக்குங்கள். அது ஒரே நிறமாக இராது. வெண்மையும் கருமையும் இளஞ்சிவப்புமான புள்ளிகள் அதிலே கலந்திருக்கும். வெயிலில் பிடித்தால் சில புள்ளிகள் கண்ணாடி போல் மின்னும். அப்புள்ளிகள் ஒவ்வொன்றும் ஒரு கனியமாகும். குவாட்ஸ், பெல்ஸ்பார், மைக்கா என்பன அவற்றுள் அடிக்கடி காணப்படுபவை. கனியங்கள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகிய திரளையே பாறை என்கின்றோம்.

உலகிலே பாறைகளின் பெயர்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. ஆயினும் அவை உருவான விதத்தை வைத்து நோக்கினால் மூன்றே குடும்பங்களுள் அனைத்தையும் அடக்கிவிடலாம். உருகிய நிலையிலிருந்து ஆறி இறுகியவை தீப்பாறைகள். படிந்து சேர்ந்து கல்லாகியவை அடையற்பாறைகள். ஏற்கெனவே இருந்த பாறை வெப்பத்தாலும் அமுக்கத்தாலும் வேறொன்றாக மாறியவை உருமாறிய பாறைகள்.

முதலாவது குடும்பம்: தீப்பாறைகள்

பூமிக்குள் ஆழமாகச் செல்லச் செல்ல வெப்பம் அதிகரிக்கின்றது. கண்டங்களின் மேற்பகுதியில் ஒரு கிலோமீற்றர் ஆழத்திற்கு ஏறத்தாழ 25 முதல் 30 பாகை செல்சியஸ் வரை அது உயர்கின்றது. அதனால் நமது காலடிக்குக் கீழே ஒரு நெருப்புக் கடல் கொதித்துக் கொண்டிருப்பதாகப் பலரும் கருதுகின்றனர். அது சரியன்று. மேலோட்டிற்குக் கீழேயுள்ள பகுதியும் பெரும்பாலும் திண்மமான பாறையே. குறிப்பிட்ட சில இடங்களில் மாத்திரம், அமுக்கம் குறைவதாலோ நீர் கலப்பதாலோ அப்பாறையின் ஒரு பகுதி உருகிப் பாறைக் குழம்பாகின்றது. சுற்றியுள்ள பாறையை விடப் பாரம் குறைந்ததாகையால் அக்குழம்பு மேல் நோக்கி எழுகின்றது.

எழும் குழம்பு இரண்டு விதமாக இறுகலாம். நிலத்தின் மேற்பரப்பை உடைத்துக் கொண்டு வெளியே பாய்ந்தால் அது விரைவில் ஆறிவிடும். அப்போது கனியங்கள் வளர்வதற்குக் காலம் கிடைப்பதில்லை. நுண்ணிய மணிகளைக் கொண்ட கறுத்த பசோல்ற்றுப் பாறை அவ்வாறு உருவாவதே. வெளியே வராமல் பல கிலோமீற்றர் ஆழத்திலேயே தங்கிவிட்டால், ஆறுவதற்கு ஆயிரக்கணக்கான, சில வேளை இலட்சக்கணக்கான வருடங்கள் செல்லும். அவ்வளவு காலத்தில் கனியங்கள் பெரிதாக வளர்ந்து கண்ணுக்குத் தெரியும் மணிகளாகின்றன. கிரனைற்று அவ்வாறு உருவாவது. சீனிப்பாகை ஆடாது அசையாது மெதுவாக ஆறவிட்டால் பெரிய கற்கண்டும், விரைவாக ஆற்றினால் பொடிச் சீனியும் கிடைப்பதை நம் வீட்டுப் பெண்கள் நன்கறிவர். கல்லின் கதையும் ஏறத்தாழ அதுவே.

ஹஜ், உம்றாவுக்காகச் சென்று வந்த சகோதரர்கள் இதற்கான அத்தாட்சியைத் தமது கண்களாலேயே கண்டிருப்பார்கள். மதீனா முனவ்வராவின் கிழக்கிலும் மேற்கிலும் எரிந்து கருகியது போன்ற கரடுமுரடான கருங்கற் பரப்புகள் விரிந்து கிடக்கின்றன. 'ஹர்ரா' என்று அறபியர் அவற்றை அழைக்கின்றனர். மதீனாவின் ஹரம் எல்லையைக் கூறும் ஹதீஸ்களில் வரும் இரு கருங்கற் பூமிகள் இவையேயாகும். அவை முற்காலத்தில் எரிமலைக் குழம்பு பாய்ந்து இறுகிய பசோல்ற்று நிலங்களாகும்.

முற்காலத்தில் மாத்திரமன்று. ஹிஜ்ரி 654இல், அதாவது கி.பி. 1256இல், மதீனாவுக்கு அருகே நிலம் சில தினங்கள் தொடர்ந்து அதிர்ந்து, பின்னர் பிளந்து நெருப்பைக் கக்கியது. 52 நாட்கள் நீடித்த அவ்வெடிப்பில் வெளியேறிய குழம்பு ஏறக்குறைய 23 கிலோமீற்றர் தூரம் ஓடி, நகருக்குச் சுமார் 8 கிலோமீற்றர் தொலைவில் நின்றுவிட்டது. திமிஷ்க் நகரில் வாழ்ந்த வரலாற்றாசிரியர் அபூ ஷாமா, மதீனாவாசிகள் அதைப் பற்றி எழுதியனுப்பிய கடிதங்களின் செய்திகளைத் தமது நூலில் பதிந்து வைத்துள்ளார். ஆகவே அங்குள்ள சில கற்களுக்குப் பிறந்த வருடத்தையே நம்மால் கூற முடிகின்றது. அவற்றின் வயது எண்ணூறு வருடங்களைக் கூடத் தாண்டவில்லை!

மக்காவின் நிலைமை வேறு. அந்நகரைச் சூழ்ந்துள்ள மலைகள், புவியியலாளர் 'அரேபியக் கேடயம்' என அழைக்கும் மிகப் பழைய பாறைப் பிரதேசத்தைச் சேர்ந்தவை. ஆழத்திலே மெதுவாக ஆறி இறுகிய தீப்பாறைகள் அங்கு நிறைந்துள்ளன. அவை தோன்றி 50 கோடி வருடங்களுக்கும் மேலாகிவிட்டது. மேலிருந்த நிலம் தேய்ந்து அகன்றதால்தான் ஆழத்திற் பிறந்த அப்பாறைகள் இன்று வெளியே தெரிகின்றன.

இரண்டாவது குடும்பம்: அடையற்பாறைகள்

வெயில், மழை, காற்று, மரவேர் ஆகிய யாவும் பாறையை இடைவிடாது உடைக்கின்றன. உடைந்த துகள்களை ஆறு அள்ளிச் செல்கின்றது. நீரோட்டம் வேகமாக உள்ள இடத்தில் பெரிய கற்களும், வேகம் தணியுமிடத்தில் மணலும், அமைதியான இடத்தில் சேறும் தங்குகின்றன. ஒரு படையின் மேல் மற்றொரு படையாகச் சேரும்போது அடியிலுள்ள படை நசுங்கி அதனுள்ளிருக்கும் நீர் வெளியேறுகின்றது. நிலத்தடி நீரில் கரைந்துள்ள சுண்ணமும் சிலிக்காவும் துகள்களுக்கிடையே பசை போல் படிந்து அவற்றைப் பிணைக்கின்றன. மணல், மணற்கல்லாகின்றது. சேறு, மாக்கல்லாகின்றது.

இவ்வுண்மையை இற்றைக்கு ஆயிரம் வருடங்களுக்கு முன்னரே நமது அறிஞர்கள் கண்டு கூறியிருக்கின்றனர். கி.பி. 973இல் பிறந்த அல்பிரூனி இந்தியாவின் சமவெளிகளில் நிலத்தைத் தோண்டிய இடங்களை ஆராய்ந்தார். மலைக்கு அண்மையில் உருண்டு திரண்ட பெரிய கற்களும், தூரம் செல்லச் செல்லச் சிறிய கற்களும், கடலை அண்மித்த பகுதியில் மணலும் இருப்பதை அவதானித்தார். இந்நிலம் ஒரு காலத்தில் கடலாக இருந்து, ஆறுகள் கொண்டு வந்த வண்டலால் நிரம்பியிருக்க வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

அவரது காலத்தவரான இப்னு ஸீனா, மருத்துவத்தில் மாத்திரம் புகழ் பெற்றவரல்லர். தமது 'கிதாபுஷ் ஷிஃபா' என்னும் பெருநூலில் கற்களும் மலைகளும் தோன்றும் விதத்தை அவர் விளக்குகின்றார். அமூதர்யா நதிக்கரையில், மக்கள் தலை கழுவப் பயன்படுத்தும் களிமண்ணைச் சிறு வயதில் தாம் கண்டதாகவும், ஏறத்தாழ 23 வருடங்களின் பின் அது மென்மையான கல்லாக மாறியிருந்ததாகவும் அவர் குறிப்பிடுகின்றார். மலைகளிலே நீர்வாழ் உயிரினங்களின் சுவடுகள் காணப்படுவதற்கு, அந்நிலம் முன்னர் கடலடியில் இருந்தமையே காரணம் என்பதும் அவரது கருத்தாகும். அப்பகுதி இலத்தீன் மொழிக்கு மாற்றப்பட்டபோது, அரிஸ்டோட்டில் எழுதியதென ஐரோப்பியர் நெடுங்காலம் தவறாக எண்ணியிருந்தனர்.

துகள்கள் சேர்வதால் மாத்திரம் அடையற்பாறை உருவாவதில்லை. வேறு இரு வழிகளும் உள்ளன. ஒன்று, நீர் ஆவியாவது. புத்தளம் உப்பளங்களில் கடல் நீரைப் பாத்திகளில் தேக்கி வைத்தால் வெயிலில் நீர் வற்றி உப்பு எஞ்சுவதைக் காண்கின்றோம். மனிதக் கரம் படாமலே ஆதிகாலக் கடல்கள் அவ்வாறு வற்றியதால் தோன்றிய பாறைதான், பாகிஸ்தானின் கெவ்ரா சுரங்கத்திலிருந்து வெட்டியெடுக்கப்படும் இந்துப்பு. மற்றொன்று, உயிரினங்களின் எச்சம். சிப்பி, சங்கு, முருகை போன்றவை கடல் நீரிலுள்ள சுண்ணத்தைக் கொண்டு தமது ஓடுகளையும் கூடுகளையும் அமைக்கின்றன. அவை மடிந்த பின் அவ்வோடுகள் கடலடியில் குவிந்து சுண்ணாம்புக்கல்லாகின்றன.

நமது நாட்டில் யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதும் அத்தகைய சுண்ணாம்புக்கல்லின் மீதே அமைந்துள்ளது. மன்னாரிலும் புத்தளத்தின் கரையோரத்திலும் அதே காலத்துக் கல் காணப்படுகின்றது. இற்றைக்கு 23 மில்லியன் வருடங்களுக்கும் 5 மில்லியன் வருடங்களுக்கும் இடைப்பட்ட மயோசீன் காலத்தில் அப்பகுதிகள் ஆழம் குறைந்த கடலாக இருந்தன. அருவக்காலுவில் வெட்டப்படும் கல் புத்தளத்தில் சீமெந்தாகின்றது. நாம் வீட்டுச் சுவரில் பூசும் சீமெந்து, ஒரு காலத்தில் கடல்வாழ் உயிர்களின் ஓடாக இருந்தது என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள்.

மூன்றாவது குடும்பம்: உருமாறிய பாறைகள்

களிமண்ணைப் பிசைந்து செங்கல்லாக அறுத்துச் சூளையில் அடுக்குகின்றோம். தீ மூட்டிய பின் வெளிவருவது பழைய களிமண் அன்று. அது உருகவில்லை, எனினும் மாறிவிட்டது. பூமியினுள்ளும் இதையொத்த மாற்றம் நிகழ்கின்றது. கண்டங்கள் ஒன்றோடொன்று மோதும்போது மேற்பரப்பிலிருந்த பாறைகள் பல கிலோமீற்றர் ஆழத்திற்கு அமிழ்த்தப்படுகின்றன. அங்குள்ள வெப்பத்திலும் அமுக்கத்திலும் அவற்றின் கனியங்கள் உருகாமலே மீள அமைந்து புதிய கனியங்களாகின்றன. சுண்ணாம்புக்கல் சலவைக்கல்லாகின்றது. மணற்கல் குவாட்சைற்று எனும் மிகக் கடினமான பாறையாகின்றது. மாக்கல் முதலில் பலகைக்கல்லாகி, வெப்பமும் அமுக்கமும் மேலும் கூடக்கூட, இறுதியில் வரிவரியான நைஸ் பாறையாகின்றது.

இலங்கையின் நிலப்பரப்பில் பத்தில் ஒன்பது பங்கு இந்த மூன்றாவது குடும்பத்தைச் சேர்ந்ததாகும். கண்டி, பதுளை, நுவரெலியா மலைகள் யாவும் இதில் அடங்கும். இற்றைக்கு ஏறக்குறைய 550 முதல் 610 மில்லியன் வருடங்களுக்கு முன்னர், 'கொண்ட்வானா' எனும் பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்த காலத்தில், நமது மலைநாட்டின் பாறைகள் 20 முதல் 30 கிலோமீற்றர் ஆழத்தில் புதையுண்டு, 700 பாகை செல்சியஸை விஞ்சிய வெப்பத்தில் உருமாறின. அப்போது தென்னிந்தியா, மடகஸ்கார், அந்தாட்டிக்கா ஆகியன நமது அயலில் இருந்தன. இன்றும் அவ்விடங்களில் நமது நாட்டுப் பாறைகளை ஒத்தவையே காணப்படுகின்றன. நம் நாட்டில் பரவலாகவுள்ள கருமையான 'சார்னொக்கைற்று' என்னும் பாறை, முதன்முதலில் சென்னைக்கு அருகிலுள்ள பரங்கிமலைக் கல்லைக் கொண்டே விவரிக்கப்பட்டது. கல்கத்தாவில் உள்ள ஜோப் சார்னொக் என்பவரின் கல்லறைக்கு அவ்வகைக் கல் பயன்படுத்தப்பட்டிருந்ததால் அப்பெயர் வழங்கலாயிற்று.

இவ்விடத்தில் பரவலான ஒரு தவறையும் திருத்திக் கொள்வது நன்று. சீகிரியாக் குன்று, அணைந்து போன எரிமலையின் எச்சம் என்று பல இடங்களில் எழுதப்படுகின்றது. அது அவ்வாறன்று. சுற்றுப்புறத்தை விடச் சுமார் 180 மீற்றர் உயர்ந்து நிற்கும் அக்குன்று நைஸ் வகையைச் சேர்ந்த உருமாறிய பாறையாகும். சுற்றியிருந்த பலவீனமான பாறைகள் பல மில்லியன் வருடங்களாகத் தேய்ந்து போக, உறுதியான பகுதி மாத்திரம் எஞ்சி நிற்கின்றது.

இந்தக் குடும்பம் நமக்குத் தந்த செல்வங்கள் அநேகம். போகலை, கஹட்டகஹ சுரங்கங்களில் பாறைப் பிளவுகளினூடே நாளங்களாக ஓடும் காரீயம் உலகிலேயே மிகத் தூய்மையானவற்றுள் ஒன்று. வர்த்தக ரீதியாக நாளக் காரீயத்தை உற்பத்தி செய்யும் ஒரே நாடு இலங்கையாகும். அவ்வாறே, பேருவளை வர்த்தகர்கள் தலைமுறை தலைமுறையாகக் கைகளில் வைத்து எடைபோட்ட நீலமும் மாணிக்கமும் இப்பாறைகளிலே பிறந்தவையே. இரண்டும் ஒரே கனியம்தான். அலுமினியமும் ஒட்சிசனும் சேர்ந்த குருந்தம் அது. சிறிதளவு இரும்பும் தைத்தானியமும் கலந்தால் நீலமாகும். சிறிதளவு குரோமியம் கலந்தால் சிவப்பாகும். 'குருந்தம்' என்ற நமது சொல்லே 'கொரண்டம்' எனத் திரிந்து உலகெங்கும் வழங்குகின்றது. அல்பிரூனி இரத்தினங்களைப் பற்றித் தனியொரு நூல் எழுதியபோது அதில் ஸரன்தீபையும், அதாவது நமது இலங்கையையும், குறிப்பிடத் தவறவில்லை.

ஒரு கல் மறு கல்லாதல்

இரத்தினபுரியில் மாணிக்கம் தோண்டுவோர் பாறையை உடைப்பதில்லை. வயலின் அடியிலுள்ள 'இல்லம்' எனும் சரளைக்கல் படையையே தேடுகின்றனர். ஏன்? உருமாறிய பாறையில் பிறந்த குருந்தம், அப்பாறை உக்கிய பின்னர் ஆற்றினால் அடித்துச் செல்லப்பட்டு, பாரமாகவும் கடினமாகவும் இருப்பதால் சரளையோடு தங்கிவிட்டது. அதாவது, மூன்றாவது குடும்பத்தில் பிறந்த கல் இன்று இரண்டாவது குடும்பத்தாரின் வீட்டு வாசலில் காத்திருக்கின்றது.

பாறைகள் யாவற்றினதும் கதை இவ்வாறு ஒன்றுக்குள் ஒன்றாகத் தொடர்வதாகும். தீப்பாறை உடைந்து மணலாகி அடையற்பாறையாகலாம். அது ஆழத்தில் அமிழ்ந்து உருமாறலாம். மேலும் அமிழ்ந்தால் உருகி மீண்டும் தீப்பாறையாகலாம். ஸ்கொட்லாந்து அறிஞர் ஜேம்ஸ் ஹட்டன் 1788இல் வெளியான தமது ஆய்வில், பூமி இவ்வாறு அழிந்தும் ஆக்கப்பட்டும் வருவதையும் அதற்கு அளவிடற்கரிய காலம் தேவைப்படுவதையும் எடுத்துரைத்தார். மலைகளின் வெவ்வேறு நிறங்களைக் கவனித்துச் சிந்திக்குமாறு சூரா ஃபாதிர் நம்மை அழைக்கின்றது. அந்நிறங்கள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் இவ்வளவு நீண்ட வரலாறு இருப்பதை அறியும்போது, பார்க்காமல் கடந்து சென்ற நாட்களுக்காக வெட்கமே மிஞ்சுகின்றது.

நமது கிணறும் நமது கல்லும்

இவற்றை அறிவதால் நமக்கு என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். முதலில் தண்ணீரை எடுத்துக் கொள்வோம்.

யாழ் குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. மழைநீர் சுண்ணாம்புக்கல்லின் துவாரங்களிலும் குகைகளிலும் இறங்கித் தங்குகின்றது. உள்ளே கடல்நீரும் இருக்கின்றது. நன்னீர் இலேசானது என்பதால் அது உவர்நீரின் மேல் ஒரு வில்லை போல மிதக்கின்றது. கடல் மட்டத்திற்கு மேலே ஒரு மீற்றர் நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 மீற்றர் வரை நன்னீர் இருக்கும் என்பது பொதுவான கணக்கு. இதனை மறுபுறமாக நோக்குங்கள். இயந்திரம் பூட்டி அளவின்றி இறைத்து மேல் மட்டத்தை ஒரு மீற்றர் குறைத்தால், காலப்போக்கில் கீழிருந்து 40 மீற்றர் உவர்நீர் ஏறி வரும்! நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இந்த உண்மையின் நேரடிச் சாட்சியாகும். அத்துடன், வெடிப்புகள் நிறைந்த சுண்ணாம்புக்கல் நீரை வடிகட்டுவதில்லை. மலசலகூடக் குழியின் கழிவும் வயலில் அளவுக்கு மீறி இடும் பசளையும் விரைவாகவே அயலவரின் கிணற்றைச் சென்றடைந்துவிடும்.

மலைநாட்டில் நிலைமை வேறு. நைஸ் பாறையின் உட்புறத்தில் நீர் தங்க இடமில்லை. அதன் வெடிப்புகளிலும் மேலேயுள்ள உக்கிய மண்ணிலும் மாத்திரமே நீர் உண்டு. ஆகையால்தான் ஒரு வீட்டுக் குழாய்க்கிணற்றில் நீர் பெருக, பக்கத்து வீட்டில் எவ்வளவு ஆழம் துளைத்தும் கிடைக்காமற் போகின்றது. முறையான ஆய்வின்றிக் கடன் பட்டுத் துளைப்பது பணத்தை மண்ணில் கொட்டுவதாகும்.

கடலோரக் கல்

முருகைக்கல் நம் கண் முன்னாலேயே பிறந்து கொண்டிருக்கும் சுண்ணாம்புக்கல்லாகும். பெரிய முருகைகள் வருடமொன்றிற்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் அளவே வளர்கின்றன. தெற்குக் கரையோரத்தில் நெடுங்காலமாகச் சுண்ணாம்பு சுடுவதற்காக அவை பெயர்த்தெடுக்கப்பட்டன. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தபோது, முருகைப் பாறை பாதுகாக்கப்பட்டிருந்த ஹிக்கடுவையில் அலை 2 முதல் 3 மீற்றர் உயரமே எழுந்து சுமார் 50 மீற்றர் தூரம்தான் உட்புகுந்தது. அங்கிருந்து ஏறக்குறைய 3 கிலோமீற்றர் தொலைவில், முருகைக்கல் பெருமளவு அகற்றப்பட்டிருந்த பெரலியவில் அலை சுமார் 10 மீற்றர் உயர்ந்து ஒன்றரைக் கிலோமீற்றர் உள்ளே பாய்ந்தது என்பதைப் பின்னர் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பயணம் செய்த புகையிரதம் புரட்டப்பட்டது பெரலியவிலேதான். நூற்றாண்டுகளாக வளர்ந்த கல்லைச் சில நாட்களில் சூளைக்கு அனுப்பியதன் விலை எத்தகையது பாருங்கள்!

கல் எங்கே போகும்?

இனி, மேட்டை வெட்டிய அந்தச் சகோதரரின் கேள்விக்கு வருவோம்.

நமது மலைகளின் உருமாறிய பாறைகள் பெரும்பாலும் படைபடையாக அமைந்து ஒரு பக்கம் சாய்ந்திருக்கின்றன. சாய்த்து வைத்த புத்தக அடுக்கைப் போல அவற்றைக் கற்பனை செய்யலாம். மேற்படைகள் காலப்போக்கில் உக்கி மண்ணாகவும் உருண்டைக் கற்களாகவும் மாறி, கீழேயுள்ள உறுதியான பாறையின் மீது தங்கியிருக்கின்றன. மலைச்சரிவும் பாறைப் படையின் சாய்வும் ஒரே திசையில் இருக்கும் இடத்தில், அடிப்பகுதியை வெட்டுவது அடுக்கின் கீழ் முட்டுக் கொடுத்திருந்த கையை எடுப்பதற்கு ஒப்பானதாகும். கடும் மழையில் நீர் உள்ளே இறங்கி, உறுதியான பாறையைத் தாண்டிச் செல்ல முடியாமல் அதன் மேற்பரப்பில் தேங்குகின்றது. மண்ணின் பாரம் கூடுகின்றது. பிடிமானம் தளர்கின்றது. அப்போது மண்ணும் கல்லும் மரமும் வீடும் சேர்ந்தே இறங்கிவிடுகின்றன. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையிலும், 2016 மே 17இல் அரநாயக்கவிலும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது மலைநாட்டின் பல இடங்களிலும் நாம் கண்ட துயரம் அதுவே.

அந்தச் சகோதரர் வீட்டைக் கட்டி முடித்தார். இரண்டு மழைக்காலங்கள் எதுவும் நிகழாது கழிந்தன. மூன்றாவது வருடம் மழை விடாமல் பெய்த ஒரு நாளில், மேட்டின் உச்சியில் கைவிரல் நுழையுமளவு வெடிப்பொன்று நீளமாக ஓடியிருப்பதை அவருடைய மகன் கண்டான். பாடசாலையில் கற்ற ஞாபகத்தில் அதனைத் தந்தையிடம் கூறினான். அவர் மகனின் பேச்சைத் தட்டவில்லை. அன்று மாலையே குடும்பத்தாருடன் உறவினர் வீட்டிற்குச் சென்றுவிட்டார். ஸுபஹுத் தொழுகைக்குப் பின் வந்து பார்த்தபோது சமையலறையும் பின் அறையும் மண்ணுக்குள் இருந்தன. அவ்வறையில்தான் பிள்ளைகள் உறங்குவது வழக்கம். என்னைக் கண்டதும் அவர் கூறியது ஒரு வார்த்தைதான்: "கல்லும் போகும் ஹஸரத்."

எனவே, சாய்வான நிலத்தில் வாழும் சகோதர சகோதரிகளே! இவற்றைக் கவனத்திற் கொள்ளுங்கள். நிலத்திலோ சுவரிலோ புதிதாக வெடிப்புத் தோன்றுதல், மரங்களும் கம்பங்களும் சாய்தல், இல்லாத இடத்தில் ஊற்றுக் கிளம்புதல், இருந்த ஊற்று திடீரென வற்றுதல் அல்லது கலங்கி வருதல் ஆகியன மலை தரும் எச்சரிக்கைகள். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் இரவு வரை காத்திராது வெளியேறிவிடுங்கள். மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் வீடு கட்டுமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசைப் பெற வேண்டும். அதனை வெறும் கடதாசி வேலையாக எண்ணாதீர்கள். அந்நிறுவனம் மஞ்சள் எச்சரிக்கை விடுத்தால் விழிப்பாயிருக்க வேண்டும், செம்மஞ்சள் என்றால் வெளியேற ஆயத்தமாக வேண்டும், சிவப்பு என்றால் உடனே அகல வேண்டும்.

கல்லின் காலம் மில்லியன் வருடங்களால் அளவிடப்படுவது. நமது காலமோ அறுபது, எழுபது வருடங்கள். இக்குறுகிய தங்குதலில் கிணற்றை உவராக்கவும், கரையின் அரணைப் பெயர்க்கவும், மலையின் அடியை வெட்டவும் நம் கைகளுக்கு வலிமை வந்துவிட்டது. அவற்றைத் திரும்ப ஆக்கும் வலிமைதான் நமக்கில்லை. நம் காலடியிலுள்ள கல் நமக்குப் பின் வருவோருக்கும் உரிய அமானிதமாகும். அமானிதத்தைப் பேணுவதற்கு முதலில் அது இன்னதென அறிந்திருக்க வேண்டும்.

நாளை காலை உங்கள் பிள்ளையை அழைத்துக் கொண்டு வீட்டைச் சுற்றி ஒரு தடவை நடந்து பாருங்கள். காலில் தட்டுப்படும் கல்லொன்றை எடுத்துக் கையில் கொடுங்கள். "இது எப்படிப் பிறந்திருக்கும்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வியோடு வளரும் பிள்ளை, ஒரு நாள் உங்கள் வீட்டையே காக்கக்கூடும்.